மானுவல் கார்சியா: பாட முடியாமல் போன பாடகர் பாட்டு வாத்தியார் ஆன கதை

மேற்கத்திய செவ்வியல் இசையில் குரல் பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், எந்த நாட்டுப் பள்ளியிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரு பெயர் வந்தே தீரும்: மானுவல் கார்சியா. ஸ்பெயினில் 1805 மார்ச் 17 அன்று பிறந்தவர். 1906 ஜூலை 1 அன்று லண்டனில் இறந்தபோது அவருக்கு 101 வயது. இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் அவர் மேடையில் பாடகராக நின்றது ஐந்து வருடம் இருந்தால் அதிகம். அதற்கப்புறம் எழுபது வருடத்துக்கும் மேலாக அவர் செய்தது வாத்தியார் வேலை.

மருத்துவர்கள் அவரைத் தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். இசை வரலாறு எழுதுகிறவர்கள் அவருடைய பெரிய பாடநூலுக்காகக் குறிப்பிடுகிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அவர் தொழில் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், இந்த இரண்டையும்விட முக்கியமான வேறொன்று கண்ணில் படுகிறது. பாடுகிறவரை எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரத்துக்குமேல் விடக்கூடாது, எந்தப் பயிற்சியை எந்தக் கட்டத்துக்கு முன்னால் கொடுக்கவே கூடாது என்பதையெல்லாம் ஒழுங்காக யோசித்து எழுதிவைத்தவர் அவர். குரலை வளர்ப்பது பற்றிச் சொன்னவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். குரலைக் காப்பாற்றுவதைப் பாடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் இவர் என்பது என் கருத்து. அதற்கான காரணம் அவருடைய சொந்தத் தொண்டையில் இருந்தது.

அப்பா ஒரு பெரிய டெனர் (உயர்ந்த ஸ்தாயி ஆண் குரல்) பாடகர். அவர் பெயரும் மானுவல் கார்சியாதான். செவில் நகரத்தில் பிறந்தவர். இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் 'செவில் நகரத்து முடிதிருத்துநர்' ஓபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) 1816ல் ரோம் நகரில் முதன்முதலாக அரங்கேறியபோது அல்மாவீவா பிரபு வேடத்தில் பாடியவர் இவரே. பாடுவார், இசை அமைப்பார், குழு நடத்துவார், சொல்லியும் கொடுப்பார். வீட்டில் எல்லோருக்கும் அவரே குரு. மூத்த மகள் மரியா பிற்காலத்தில் மரியா மாலிப்ரான் என்ற பெயரில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தார். கடைக்குட்டி பவுலின் வியார்டோவும் அப்படியே பெரிய ஆளானார். இவர்கள் இருவருக்கும் மூத்தவர் மானுவல். அப்பாவின் கண்டிப்பு பெயர்போனது. மரியாவை அவர் அழவைத்துப் பாடவைத்த கதைகள் நிறைய உண்டு. மகன் அழுததாகக் கதை இல்லை. ஆனால் பாதிப்பு அவருக்குத்தான் அதிகம்.

1825 நவம்பர் 29. நியூயார்க்கின் பார்க் தியேட்டரில் அந்த ஊர் முதல்முறையாக இத்தாலிய ஓபராவை இத்தாலிய மொழியிலேயே கேட்டது. அதே ரோஸினி ஓபரா. அப்பா அல்மாவீவா, 17 வயது மரியா ரோஸினா, 20 வயது மானுவல் ஃபிகாரோ. அம்மாவுக்கும் ஒரு வேடம். மொத்தத்தில் இது ஒரு குடும்பக் குழு. மோட்சார்ட்டுக்குப் பாடல் வரிகள் எழுதிக்கொடுத்த லொரென்ஸோ டா போன்டே அப்போது நியூயார்க்கில் குடியிருந்தார். அவர் சந்தோஷப்பட, அடுத்த வருடம் 'டான் ஜோவான்னி'யையும் இவர்கள் அங்கே போட்டார்கள். இசை வரலாற்றில் அழகான ஒரு பக்கம் இது. ஆனால் 20 வயதுப் பையனின் தொண்டையிலிருந்து பார்த்தால் அத்தனை அழகாக இல்லை.

ஃபிகாரோ லேசான வேடம் இல்லை. வார்த்தைகள் மழையாகக் கொட்டும். மேல் ஸ்தாயியில் அடிக்கடி ஏற வேண்டும். வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கவும் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. சின்னக் குழுவாக இருந்ததால் மாற்று ஆள் கிடையாது. இன்று ஒரு ஓபரா, இரண்டு நாள் கழித்து இன்னொன்று, நடுவில் ஒத்திகை, மாதக்கணக்கில் இதே கதை. அப்புறம் குழு மெக்சிகோவுக்குப் போனது. 1828ல் ஊர் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் சம்பாதித்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் ஒன்றுமில்லாமல் பாரிஸ் வந்து சேர்ந்த குடும்பத்தில், மகனுடைய குரலும் முன்போல் இல்லை. 25 வயது நிறைவதற்குள் அவர் ஓபரா மேடையை விட்டே விலகிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று, தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. ஆண்களுக்குச் சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு இன்னும் குறைவு. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றைப் பிரிக்கும், அடுத்த கணமே அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டி விலகி ஒட்டி விலகித்தான் ஒலி பிறக்கிறது. வாத்தியங்களைச் சுருதி சேர்க்க மேற்கில் பயன்படுத்தும் ஸ்வரம் இன்று நொடிக்கு 440 அதிர்வு. அதை ஒருவர் பாடினால் அந்த மடிப்புகள் நொடிக்கு 440 தடவை மோதுகின்றன. டெனர் பாடகர்களின் பெயர்பெற்ற உச்ச 'ஸி' ஸ்வரத்தில் 520க்கும் மேல். சராசரியாக 300 என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரம் விடாமல் ஒலித்தால் மோதல் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். சரியான மூச்சோடு, சரியான அளவு இறுக்கத்தோடு பாடினால் இதை அந்தத் திசு தாங்கும். ஓய்வில் ஆறிக்கொள்ளும். இறுக்கிப் பாடினாலோ, ஆறுவதற்கு நேரம் கொடுக்காவிட்டாலோ மடிப்பு வீங்கும். நாளடைவில் முடிச்சு விழும். குரல் கரகரக்கும். நடு ஸ்தாயியில் காற்று கசியும். மெதுவாகப் பாட முடியாது, சத்தமாகப் பாடினால் மட்டுமே ஒலி வரும். அதனால் இன்னும் சத்தமாகப் பாடுவார்கள். அதனால் இன்னும் கெடும்.

பையன்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மகரக்கட்டு வரும் வயதில் குரல்வளை சட்டென்று வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அது நிலைப்பட வருடங்கள் ஆகும். குரல்வளைக் குருத்தெலும்புகள் கெட்டிப்படுவது இருபதுகளிலும் தொடர்கிறது. பாரிட்டோன் எனப்படும் நடுத்தர ஆண் குரல்கள் முழு உருவம் எடுக்க இன்னும் காலம் பிடிக்கும். அந்த வயதில் முழு ஃபிகாரோவைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பது என்ன செய்யும் என்று அந்தக் காலத்தில் யாரும் கணக்கெடுக்கவில்லை. மகரக்கட்டு காலத்தில் பையன்கள் பாடலாமா, கூடாதா என்று பிற்காலத்தில் இங்கிலாந்தில் பெரிய விவாதமே நடந்தது. கூடாது என்ற பக்கத்தில் உறுதியாக நின்றவர்களில் கார்சியாவும் ஒருவர்.

மேடை போனதும் அவர் உடனே வாத்தியார் ஆகிவிடவில்லை. இந்த இடைவெளியைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று படுகிறது. 1830ல் பிரெஞ்சு ராணுவம் அல்ஜீரியாவுக்குப் படையெடுத்தபோது அவரும் அதில் சேர்ந்து போனார். திரும்பி வந்ததும் பாரிஸில் ராணுவ மருத்துவமனைகளில் வேலை. அங்கேதான் அவருக்கு உடற்கூறு பழக்கமானது. தலை, கழுத்து, குரல்வளை ஆகியவற்றின் அமைப்பைப் படித்தார். வீட்டுக்கு மிருகங்களின் தொண்டைகளை வாங்கி வந்து, மூச்சுக்குழாயில் துருத்தியை நுழைத்துக் காற்றை ஊதி, என்ன சத்தம் வருகிறது என்று கேட்பாராம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கத்தியதை வயதான காலத்தில் உற்சாகமாக நினைவுகூர்ந்திருக்கிறார். குடும்பத் தொழிலாக வந்த சங்கீதமும் மருத்துவமனையில் கற்ற உடற்கூறும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. அன்றைய ஐரோப்பாவில் இந்தச் சேர்க்கை அபூர்வம்.

அப்பா 1832ல் இறந்தார். மகன் பாரிஸில் முழுநேரமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பத்தாண்டு குரல்களுக்கு நல்ல காலமாக இல்லை. ஓபரா அரங்குகள் பெரிதாகின. வாத்தியக் கூட்டம் பெருத்தது. ரசிகர்கள் சத்தத்தை விரும்ப ஆரம்பித்தார்கள். அதுவரை டெனர்கள் உச்ச ஸ்வரங்களைப் பொய்க்குரல் (மேல் ஸ்வரங்களுக்கான மெல்லிய குரல்) கலந்த மென்மையான குரலில் தொடுவார்கள். 1837ல் ஜில்பெர் டுப்ரே பாரிஸ் மேடையில் ரோஸினியின் 'வில்லியம் டெல்'லில் உச்ச 'ஸி'யை முழு நெஞ்சுக் குரலில், அதாவது பேச்சுக்குரல் போன்ற கனத்த குரலில், பாடினார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. அதுவரை அந்த அரங்கின் முதல் டெனராக இருந்தவர் அடோல்ஃப் நூரி. மூத்த கார்சியாவின் மாணவர். புதிய பாணியைக் கற்றுக்கொள்ள இத்தாலிக்குப் போனார். குரல் கெட்டது, மனமும் உடைந்தது. 1839ல் நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார். டுப்ரேவின் குரலும் நீண்ட நாள் நிற்கவில்லை. அவரும் சீக்கிரமே பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

இந்தச் சூழலில்தான் கார்சியா 1840ல் மனிதக் குரல் பற்றிய ஆய்வுரையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார். நெஞ்சுக் குரல், தலைக் குரல், பொய்க்குரல் என்று பாடகர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அவர் ஒரு தெளிவான வரையறை கொடுத்தார். ஒரே இயக்கத்தால் பிறக்கும், ஒரே தன்மையுள்ள, தொடர்ச்சியான ஸ்வரங்களின் வரிசை ஒரு பிரிவு. இன்னொரு இயக்கத்துக்கு மாறினால் அது வேறு பிரிவு. குரலின் நிறம் வேறு, பிரிவு வேறு என்றும் பிரித்துக் காட்டினார். பிரகாசமான குரலில் சுருதி ஏற ஏறக் குரல்வளை மேலே போகிறது. இருண்ட குரலில் அது கீழேயே நிற்கிறது. டுப்ரே செய்ததை அதிசயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே என்ன நகர்கிறது, எது நகரவில்லை என்று சொன்னவர் இவர். அவருடைய பெரிய பாடநூலின் முதல் பகுதியும் அதே காலத்தில் வந்தது. இரண்டாம் பகுதி 1847ல்.

அந்தப் பாடநூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பயிற்சி நேரம் பற்றியது. ஆரம்ப மாணவர் ஒரே மூச்சில் 5 நிமிடத்துக்குமேல் பாடக்கூடாது என்கிறார். நல்ல இடைவெளி விட்டு ஒரு நாளில் சில தடவை அதைத் திரும்பச் செய்யலாம். மெல்ல மெல்ல அது அரை மணியாகும். மாதங்கள் போன பிறகுதான் அந்த அரை மணிகளின் எண்ணிக்கை கூடும். தினமும் விடியற்காலையிலிருந்து தொண்டை வற்றும்வரை சாதகம் செய்தால்தான் பாட்டு வரும் என்று நம்பும் எவரையும் இது திடுக்கிட வைக்கும். ஆனால் மேலே சொன்ன மோதல் கணக்கை நினைத்துப் பாருங்கள். சரியாகப் பாடத் தெரியாதவர் பாடும் ஒவ்வொரு நிமிடமும் தவறான பழக்கத்தையும் பதியவைக்கிறது, திசுவையும் தேய்க்கிறது. நன்றாகத் தெரிந்த பிறகு நேரத்தைக் கூட்டலாம். தெரியாதபோது கூட்டினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொரு பயிற்சியையும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நெஞ்சுக் குரலும் பொய்க்குரலும் சந்திக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு முறிவு கேட்கும். பாடகர்கள் வாழ்நாள் முழுக்க அதை மறைக்கப் போராடுவார்கள். கார்சியா மறைக்காதே என்கிறார். இரண்டு இயக்கத்தாலும் பாட முடிகிற ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள். அதே ஸ்வரத்தில் நின்றுகொண்டு நெஞ்சுக் குரலிலிருந்து மற்றதற்குப் போ, திரும்பி வா, மறுபடி போ. நடுவில் 'ஹ' என்று காற்றை விட்டுச் சமாளிக்காதே. மாறும் இடத்தில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அது வெளிப்படையாகக் கேட்டால்தான் தசைகள் அந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்ளும், பிறகு அது தானாகவே தேய்ந்து மறையும். ஒரே ஸ்வரத்தை மெதுவாகத் தொடங்கி, பெருக்கி, திரும்பக் குறைக்கும் பயிற்சியை அன்று பலர் முதல் வாரத்திலேயே கொடுத்தார்கள். இவர் அதைப் பின்னால் தள்ளினார். இரண்டு இயக்கமும் இணைந்த பிறகே அது பயன்தரும், அதற்கு முன்னால் கொடுத்தால் குரல் களைத்துப்போகும் என்பது அவர் நிலை.

அவருடைய மாணவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் யென்னி லிண்ட். அவர் கதையில் இந்த முறை எப்படி வேலை செய்தது என்பது தெளிவாகத் தெரியும். லிண்ட் 1820ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 17 வயதில் முக்கிய வேடம், அப்புறம் நிறுத்தமில்லாத மேடை. சின்ன வயதிலிருந்தே நாடகம், பாட்டு என்று மேடையில் வளர்ந்தவர். 1841ல் பாரிஸுக்கு வந்து கார்சியா முன்னால் பாடினார். பாதியில் குரல் உடைந்தது. உங்களிடம் குரல் மிச்சமில்லை, இந்த நிலையில் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று கார்சியா சொன்னார். அடுத்து அவர் கொடுத்த உத்தரவு ஆறு வாரம் மௌனம். ஒரு ஸ்வரம் கூடப் பாடக்கூடாது. பேச்சையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். அப்புறம் வாருங்கள், பார்க்கலாம்.

ஊரில் நட்சத்திரமாக இருந்த ஒரு பெண், வெளிநாட்டில், இருபது வயதில், ஆறு வாரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்த ஆறு வாரத்தில் ஃபிரெஞ்சு படித்தார். திரும்பிப் போனபோது கார்சியா முன்னேற்றத்தைக் கேட்டறிந்து, வாரம் இரண்டு பாடம் என்று ஒத்துக்கொண்டார். லிண்ட் அப்போது எழுதிய கடிதங்களில் நடந்தது பதிவாகியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. ஸ்வர வரிசைகளை மிக மெதுவாக, கவனமாக ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் வேகமாக அசையும் அலங்காரத்தை நம்ப முடியாத அளவு மெதுவாகப் பழக வேண்டும். மூச்சு விஷயத்தில் வாத்தியார் ரொம்பவும் கண்டிப்பு. இவ்வளவுதான். ரகசிய மருந்தோ மந்திரமோ எதுவும் இல்லை.

சுமார் பத்து மாதம் இது நடந்தது. 1842 அக்டோபரில் லிண்ட் ஸ்டாக்ஹோமில் பெல்லினியின் 'நோர்மா'வைப் பாடினார். கேட்டவர்களுக்கு அது வேறு குரலாக இருந்தது. 1847ல் லண்டனைக் கிறங்கடித்தார். 1850ல் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் பார்னம் அவரை ஒரு கச்சேரிக்கு 1,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லிண்டின் நடு ஸ்தாயியில் ஒரு மெல்லிய மூட்டம் கடைசிவரை போகவில்லை. மேலே வைரம் மாதிரி ஒலித்த குரல் நடுவில் சில ஸ்வரங்களில் திரை போட்டதுபோல் இருந்தது என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். சேதமானது முழுதாகத் திரும்பாது. கார்சியா செய்தது மிச்சமிருந்ததைக் காத்து, அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. அதுவே ஒரு பெரிய வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. லிண்ட் 1883ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் தொடங்கியபோது அங்கே பாட்டுப் பேராசிரியராகச் சேர்ந்தார் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

பாரிஸ் கன்சர்வேட்டரியில் சில காலம் ஆசிரியராக இருந்த கார்சியா, 1848ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். 1895ல் 90 வயதில்தான் அங்கிருந்து ஓய்வு. அதற்கப்புறமும் வீட்டில் சொல்லிக்கொடுப்பது நிற்கவில்லை.

இனி அந்தக் கண்ணாடி. 1854 செப்டம்பரில் விடுமுறைக்குப் பாரிஸ் போயிருந்தார். பாலே ரோயால் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. பாடும்போது தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று வருடக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கணத்தில் வழி தெரிந்தது. நேராக மருத்துவக் கருவிகள் செய்யும் ஷாரியேவின் கடைக்குப் போய், நீளக் கைப்பிடி வைத்த பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றை 6 ஃபிராங்குக்கு வாங்கினார். கூடவே ஒரு கைக்கண்ணாடி. வீட்டுக்கு வந்து, சின்னக் கண்ணாடியில் மூச்சு பட்டு ஆவி படியாமல் இருக்க வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பினார். தன்னுடைய குரல்வளை முழுதாகத் திறந்து கிடப்பதையும், அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் ஒரு பகுதியையும் பார்த்தார். மூச்சு விடும்போது எப்படி விலகுகிறது, ஸ்வரம் எடுக்கும்போது எப்படி நெருங்குகிறது, பிரிவு மாறும்போது எது மாறுகிறது என்று தன் உடம்பிலேயே பார்க்க முடிந்தது.

இதற்கு முன் யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1829ல் லண்டன் மருத்துவர் பெஞ்சமின் பாபிங்டன் இதே மாதிரி ஒரு கருவியைக் காட்டியிருக்கிறார். ஆனால் பாடும் குரலை, பாடுகிறவரே, முறையாகக் கவனித்து எழுதிவைத்தது கார்சியாதான். அந்தக் குறிப்புகள் 1855ல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டன. அங்கே பெரிய சலனம் எதுவும் இல்லை. சில வருடம் கழித்து வியன்னாவில் லுட்விக் ட்யூர்க், பெஸ்ட் நகரில் யோஹான் செர்மாக் ஆகிய இரண்டு மருத்துவர்கள் இதை எடுத்தார்கள். செர்மாக் வெயிலுக்குப் பதில் விளக்கைப் பயன்படுத்தினார். யார் முந்தி என்று இருவருக்கும் சண்டையும் நடந்தது. தொண்டை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான். 1862ல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் இந்தப் பாட்டு வாத்தியாருக்குக் கௌரவ மருத்துவர் பட்டம் கொடுத்தது.

கண்ணாடி கிடைத்த பிறகு அவருடைய பாடம் பெரிதாக மாறவில்லை. தான் காதால் கேட்டு ஊகித்திருந்ததை அது உறுதிப்படுத்தியது என்பதோடு நிறுத்திக்கொண்டார். வகுப்பில் அவர் நம்பியது காதைத்தான். இதைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உடற்கூறு தெரிந்திருந்தது அவர் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தது. மாணவரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவை இருக்கவில்லை. குருத்தெலும்புகளின் பெயர் தெரிந்த எல்லோரும் நல்ல வாத்தியார் ஆகிவிட முடியாது. அதே சமயம், எங்கே வலிக்கிறது, ஏன் கரகரக்கிறது என்று புரியாத வாத்தியார் என்னதான் அழகாகப் பாடிக் காட்டினாலும் ஆபத்தானவர்தான்.

விளக்கிச் சொன்னதே விபரீதமான ஓர் இடமும் உண்டு. ஸ்வரத்தைத் தொடங்கும்போது மடிப்புகள் முதலில் மெல்லச் சேர வேண்டும், பிறகு காற்று அவற்றைத் திறக்க வேண்டும், அப்போதுதான் தொடக்கம் சுத்தமாக இருக்கும், காற்று வீணாகாது என்று கார்சியா சொன்னார். அதற்குக் குரல்வளைத் தட்டு என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். இது நெஞ்சிலிருந்து தள்ளுவது அல்ல, இருமல் மாதிரி வெடிப்பதும் அல்ல என்று பாடநூலிலேயே எச்சரித்திருந்தார். ஆனால் பெயர்தான் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடித்து உடைத்துத் தொடங்கவைக்கும் வாத்தியார்கள் கார்சியா பெயரைச் சொல்லியே பல குரல்களைக் கெடுத்தார்கள். 1894ல், 89 வயதில், கேள்வி பதில் வடிவில் ஒரு சின்ன நூல் வெளியிட்டு இதையெல்லாம் மறுபடி தெளிவுபடுத்த வேண்டி வந்தது அவருக்கு. வாழ்நாள் முழுக்கக் குரல்களைக் காப்பாற்றிய மனிதருக்கு இது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

நூறாவது பிறந்தநாளுக்கு, 1905 மார்ச் 17 அன்று, லண்டன் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஏழாம் எட்வர்ட் மன்னர் அரண்மனைக்கு அழைத்துப் பட்டம் கொடுத்தார். ஸ்பெயின் மன்னரும் ஜெர்மன் பேரரசரும் விருது அனுப்பினார்கள். பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் வந்து வாழ்த்தினார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த அவருடைய உருவப்படமும் அன்றைக்குக் கொடுக்கப்பட்டது. முன்வரிசையில் மருத்துவர்கள் இருந்ததில் தப்பில்லை. ஆனால் அவருடைய உண்மையான சொத்து மாணவர்களின் வரிசை.

மதில்ட மார்கேஸி அதில் முதலில் சொல்ல வேண்டியவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, பாரிஸில் கார்சியாவிடம் சேர்ந்தவர். ஒரு தடவை கார்சியா கையை உடைத்துக்கொண்டபோது, தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லி இவரிடம் ஒப்படைத்தார். மாணவியாக இருந்தபோதே வாத்தியார் ஆனார். பின்னாளில் வியன்னா, கொலோன், பாரிஸ் என்று சொல்லிக்கொடுத்தார், பெண்களுக்கு மட்டும். நெல்லி மெல்பா, எம்மா கால்வே, எம்மா ஈம்ஸ் மூவரும் இவர் வகுப்பிலிருந்து வந்தவர்கள். யூலியுஸ் ஸ்டாக்ஹவுசன் என்ற பாரிட்டோன் அதே பாடத்தை ஜெர்மன் கலைப்பாடல்கள் பக்கம் கொண்டுபோனார். பிராம்ஸின் நண்பர் அவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் சொந்தப் பள்ளி நடத்தினார். இங்கிலாந்தில் சார்ல்ஸ் சான்ட்லி. கார்சியாவின் மகன் குஸ்தாவும் பேரன் ஆல்பெர்ட்டும் பாடகர்களாக இருந்து ஆசிரியர்கள் ஆனவர்கள்.

இவர்கள் ஒருவரை ஒருவர் போலப் பாடவில்லை, ஒருவரைப் போல இன்னொருவர் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. மெல்பாவின் குரலும் ஸ்டாக்ஹவுசன் வழியில் வந்தவர்களின் குரலும் வெவ்வேறு உலகம். ஒரே மாதிரி குரல்களை அச்சடிக்காதது ஒரு வாத்தியாருக்குப் பெரிய பாராட்டு. அப்பாவின் குரல் மாதிரி தன் குரலையும் ஆக்கப் பார்த்ததில் என்ன ஆனது என்று தெரிந்தவர் அல்லவா கார்சியா?

அவர் பெயரைச் சொல்லும் குரல் பயிற்சியாளர்கள் இன்றைக்கும் பல நாடுகளில் இருக்கிறார்கள். இன்று கண்ணாடிக்குப் பதில் மூக்கு வழியாக மெல்லிய கேமரா போகிறது. விட்டுவிட்டு மின்னும் விளக்கு மடிப்புகளின் அசைவை மெதுவாக்கிக் காட்டுகிறது. பெரிய ஊர்களில் தொண்டை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பாட்டு ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடகரைப் பார்க்கும் மையங்கள் வந்துவிட்டன. யாராவது கார்சியா முறையில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொன்னால், தொண்டையின் படத்தை அவர் சுவரில் மாட்டியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பாடச் சொல்வார், குரல் கரகரத்தால் என்ன செய்யச் சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள்.